வலையொலியும் வட்டார மொழியும்: ஆசிரியப் பயிற்சி நோக்கில் ஒரு திறனாய்வு

மொழி கற்பித்தலில் செவிக்குரிய இடம் யாது என்னும் வினா தமிழாசிரியர்க்குப் புதியதன்று. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தனித்தனியே நிற்கும் ஒரு மொழியைப் பிறமொழியாளர்க்குக் கற்பிக்க முற்படுவோர் யாவரும் இதனை எதிர்கொண்டே ஆகவேண்டும். 'நான் வந்துகொண்டிருக்கிறேன்' என்று ஒலிநாடாவில் பலமுறை கேட்டு, பலமுறை திருப்பிச் சொல்லிப் பயின்ற ஒருவர், மதுரைப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் கேட்பது 'வந்துக்கிட்டிருக்கேன்' என்பதாகும். தாம் கற்றதும் இப்பொழுது கேட்பதும் ஒரே மொழிதானா என்னும் ஐயம் அவருக்கு எழுவது இயல்பே. ஒலிநாடா செவிக்காக ஆக்கப்பட்டது. ஆயினும் அதில் ஒலித்தது கண்ணுக்காக ஆக்கப்பட்ட மொழி.

ஒலிநாடா மறைந்து குறுந்தகடு வந்து, அதுவும் மறைந்து வலையொலி வந்துள்ள இந்நாளிலும் இம்முரண் தீர்ந்தபாடில்லை. ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்க்கு, அவர்கள் பணியாற்றப்போகும் வட்டாரத்தின் மொழியையும் பண்பாட்டையும் வலையொலி வாயிலாகக் கற்பிக்கலாம் என்னும் கருத்து இன்று பலராலும் முன்வைக்கப்படுகிறது. அக்கருத்தின் வலிவையும் மெலிவையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். பொதுப்படப் பேசுவதினும் ஒரு களத்தை எடுத்துக்கொண்டு பேசுவது பயன் தருமாதலின், ஒடிசா மாநிலத்துக் கந்தமால் மாவட்டமும் அங்கு வழங்கும் குயி மொழியும் ஈண்டுக் களமாகக் கொள்ளப்படுகின்றன. குயி திராவிட மொழியாதலின் தமிழாய்வாளர்க்கு அது முற்றிலும் அயலானதன்று. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே 'கூ' என்னும் பெயரால் அம்மொழி இடம்பெற்றுவிட்டது.

பதிவு செய்யப்பட்ட குரலின் முன்வரலாறு

இந்திய மொழிகளை ஒலிப்பதிவு செய்யும் பணி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தொடங்கிற்று. கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழிகள் அளவாய்வின் தொடர்ச்சியாக இசைத்தட்டுகளில் பல மொழிகளும் கிளைமொழிகளும் பதியப்பெற்றன. அவற்றுள் மிகப் பலவற்றில் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் உவமைக் கதை அவ்வம்மொழியில் பெயர்க்கப்பட்டு ஒலிக்கிறது. ஒப்பீட்டுக்கு ஒரே பனுவல் தேவை என்பது அளவாய்வின் கருத்து, அது முறையானதே. அக்கதையோடு, பேசியவர் தாமே தேர்ந்த ஒரு கதையோ பாட்டோ பல தட்டுகளில் உடன் பதியப்பட்டது. இவ்விரண்டில் எது அம்மொழியைக் காட்டுகிறது என்பதை மொழியியலார் எளிதில் உணர்வர். முன்னது மொழியின் சொற்களைத் தரும். பின்னது அம்மொழியினர் எங்கு நிறுத்துவர், எதனை விரைந்து கடப்பர், எதற்குச் சிரிப்பர் என்பனவற்றையும் தரும்.

பின்வந்த கல்வி ஒலிபரப்புகள் பெரும்பாலும் முன்னதன் வழியையே பின்பற்றின. 1975 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டு, ஆறு மாநிலங்களின் ஊர்களில் நடைபெற்ற செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனையில் ஒடிசாவும் ஒன்று. ஆசிரியர்க்கான பயிற்சியும் அச்சோதனையின் ஒரு கூறாக இருந்தது. நிகழ்ச்சிகளின் மொழிகளோ இந்தி, கன்னடம், ஒடியா, தெலுங்கு என்னும் நான்கே. வானிலிருந்து இறங்கிய குரல் ஒடிசாவில் ஒடியா பேசிற்று. மலையில் வாழ்ந்த மக்கள் வேறு மொழி பேசினர். அச்சோதனையின் அருமையைக் குறைத்துக் கூறுவது நம் நோக்கமன்று. ஒரே குரலைப் பல ஊர்க்கு அனுப்பும் கருவி, அனுப்பத்தக்க ஒரு மொழியைத் தேர்ந்தே தீரும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

வலையொலி இவ்வகையில் வேறுபட்டது. அதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 2004-இல் ஓர் இதழ்க் கட்டுரையில் முதன்முதல் ஆளப்பட்டது. ஒலிபரப்பு நிலையமோ உயர்ந்த கோபுரமோ இதற்கு வேண்டுவதில்லை. கைப்பேசி ஒன்றிருந்தால் பதியலாம்; ஒருமுறை இறக்கிவைத்துக்கொண்டால் இணையத் தொடர்பற்ற மலையூரிலும் வேண்டுமிடத்து நிறுத்தி, வேண்டுமளவு திருப்பிக் கேட்கலாம். பத்து ஊர்க்குப் பத்துப் பதிவுகள் செய்யினும் செலவு பெரிதும் மிகாது. ஒரு மொழியைத் தேர்ந்தாக வேண்டும் என்னும் பழைய கட்டாயம் இங்கு நீங்கிவிட்டது. கட்டாயம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை என்பதே நம் குறை. 2020 மே மாதத்தில் நடுவண் அரசு அறிவித்த மின்வழிக் கல்வித் திட்டத்தில் வானொலி, சமுதாய வானொலி ஆகியவற்றோடு நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் 'சிக்ஷா வாணி' வலையொலியும் சேர்க்கப்பட்டது. பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் அதன் தேவையை எவரும் மறுக்க இயலாது. எனினும் பாடநூற் பொருளைக் குரலாக்கித் தருவதும் வட்டார மொழியைச் செவிக்குப் பழக்குவதும் வெவ்வேறு பணிகள். முன்னதற்கு எழுந்த வடிவத்தைப் பின்னதற்கும் அப்படியே எடுத்தாளுவது பொருந்தாது.

குயி மொழியும் பயிற்சி மாணவரும்

ஆந்திரப் பிரதேசம் 2004-இல் எட்டு மொழிகளிலும், ஒடிசா அதனையடுத்து 2007-இல் பத்து மொழிகளிலும் பழங்குடிக் குழந்தைகளுக்குத் தாய்மொழிவழிப் பன்மொழிக் கல்வியைத் தொடங்கின. ஒடிசாவின் பத்தனுள் குயி, குவி, கோயா, கிசான், ஒராவோன் ஆகியன திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தவை. சந்தாலி, சவரா, முண்டா, ஜுவாங், போண்டா ஆகியன முண்டா மொழிகள். பாடநூல்கள் ஒடியா எழுத்தில் அவ்வம்மொழியில் ஆக்கப்பட்டன. ஊரின் பருவங்களையும் தொழில்களையும் கருவாகக் கொண்டு பாடப்பொருள் பின்னப்பட்டது. இது பெருமுயற்சி என்பதில் ஐயமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி குயியைத் தாய்மொழியாகக் கூறியோர் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது.

கொள்கையும் நூலும் இருப்பினும் வகுப்பறையில் நிற்பவர் ஆசிரியரே. அவரை உருவாக்கும் பயிற்சி நிறுவனத்தின் மொழி ஒடியா. அங்கு வரும் மாணவருள் இருவகையினரைக் காணலாம். ஒரு வகையினர் கடற்கரைச் சமவெளியிலிருந்து வரும் ஒடியாத் தாய்மொழியினர். குயியை ஒரு சொல்லும் அறியாதவர். மற்றொரு வகையினர் குயியைத் தாய்மடியிலேயே கற்றுப் பின்னர்ப் பத்தாண்டுப் பள்ளிப் படிப்பில் அதனைப் பேசாதிருக்கப் பழகியவர்கள். வலையொலி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதல் வகையினரையே எண்ணிப் பேசுகின்றன. இரண்டாம் வகையினரின் இடர் நுட்பமானது. அவர்கட்கு மொழி தெரியும். அம்மொழி கல்வி நிறுவனத்துச் சுவர்களுக்குள் ஒலிக்கத் தகும் என்பதுதான் தெரியாது. தம் பாட்டியின் பேச்சைப் போன்ற ஒரு பேச்சு பயிற்சிக்கூடத்தின் ஒலிபெருக்கியில், ஒடியா விளக்கவுரையின்றி, எல்லாரும் அமைதியாகக் கேட்டிருக்க ஒலிப்பது இவர்கட்கு எந்தப் பாடத்தினும் பெரிது. அவ்வேளையில் விளங்காதவர் விளங்கியவரிடம் கேட்டாக வேண்டும். வகுப்பில் எப்பொழுதும் பின்வரிசையில் இருந்தவர் அன்று ஆசிரியராகிறார்.

இனி முதல் வகையினரை நோக்குவோம். குயியை நூல்வழிக் கற்பதற்கு வழியில்லாமல் இல்லை. சமயப் பணியாளரான வின்பீல்டு எழுதிய குயி இலக்கணம் 1928-இல் கல்கத்தாவில் வெளிவந்தது. அதன் உடன்மொழியாகிய குவிக்கு இஸ்ரேல் எழுதிய இலக்கணம் 1979-இல் திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியற் கழக வெளியீடாக வந்தது. இந்நூல்கள் மொழியியலார்க்குப் போதும். ஆறு வயதுக் குழந்தை சொல்வதைச் செவியால் பிரித்தறிய வேண்டிய ஆசிரியர்க்குப் போதா. சான்றாக, தமிழில் மொழிமுதலில் மெய்ம்மயக்கம் வாராது என்பதைத் தொல்காப்பியம் அறிந்தோர் அறிவர். குயி முதலிய மொழிகளில் பழைய திராவிடச் சொல்லின் முதலுயிர் இடம்பெயர்ந்து, மகரத்தை அடுத்து ரகரம் வருவதாய் 'மரம்' என்னும் சொல்லின் இனச்சொல் தொடங்குகிறது. தெலுங்கின் 'ம்ரானு' இதற்கு அறிமுகமான ஒப்பு. குவியில் குரல்வளை அடைப்பொலி பொருள் வேறுபடுத்தும். ஒடியா நெடுங்கணக்கிலோ அதற்கெனத் தனியெழுத்து இல்லை. எழுத்தைக் காணும் கண்ணுக்குப் புலப்படாதது செவிக்கு மட்டுமே புலப்படும். எதிர்மறைப் பொருளும் இம்மொழிகளில் வினையின் உள்ளேயே ஒரு சிறு உருபாக நிற்கும். தனிச்சொல்லை எதிர்பார்த்திருக்கும் ஒடியாச் செவி அதனைத் தவறவிடின், குழந்தை இல்லையென்றதை ஆமென்றதாகக் கொள்ளவும் கூடும்.

பால் பாகுபாட்டில் நேரும் இடர் இதனினும் பெரிது. ஒடியா வினை பால் காட்டுவதில்லை. குயியில் வினை ஆண்பால், ஆண்பாலல்லாதது என இரண்டாகப் பிரியும். பெண்ணும் விலங்கும் பொருளும் ஒரே வினைவடிவு பெறும். உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டில் ஊறிய தமிழர்க்கு இது வியப்பாகத் தோன்றும். தெலுங்கின் ஒருமையை அறிந்தவர்க்கு அவ்வளவு வியப்பிராது. இதனைப் புதிதாகக் கேள்விப்படும் பயிற்சி மாணவர், 'இவர்கள் தாயையும் பசுவையும் ஒன்றாகவே பேசுகின்றனர்' என்று முடிவு கட்டிவிடுவாராயின் இலக்கண அமைப்பு ஒன்று பண்பாட்டுக் குற்றச்சாட்டாக மாறிவிடும். இம்முடிவைத் தடுக்க விதியை விளக்குவது மட்டும் போதாது. ஒரு மகன் தன் தாயைப் பற்றி அன்போடும் மதிப்போடும் அதே வினைவடிவில் பேசுவதை நான்கைந்து முறை கேட்டால் அம்முடிவு தானே உதிர்ந்துவிடும். மொழியையும் பண்பாட்டையும் சேர்த்துக் கற்பித்தல் என்று நாம் எழுதி வருவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

குரல்மேல் விழும் குரல்

இத்தகைய வாய்ப்புகள் எவ்வாறு நழுவவிடப்படுகின்றன என்பதற்கு இக்கட்டுரையாளர் செவிமடுத்த ஒரு தொடரைக் கூறலாம். பயிற்சி நிறுவனம் ஒன்றில் ஆக்கப்பட்ட அத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் இசையோடு தொடங்கும். அறிவிப்பாளர் செம்மையான ஒடியாவில் பழங்குடியினரின் எளிமையையும் இயற்கைப் பற்றையும் போற்றுவார். பின்னர் ஒரு மூதாட்டி குயியில் பேசத் தொடங்குவார். சில நொடிகளில் அவர் குரல் தாழ்த்தப்பட்டு, அதன்மேல் ஒடியா மொழிபெயர்ப்பு ஏறிக்கொள்ளும். மூதாட்டி தொடர்ந்து பேசுகிறார் என்பது தெரியும். என்ன பேசினார் என்பது கேளாது. இறுதியில் பத்துக் குயிச் சொற்கள் பொருளோடு தரப்படும். கேட்டு முடித்தபொழுது எனக்குக் குயி பற்றிச் சில செய்திகள் தெரிந்திருந்தன. குயியைக் கேட்டேன் என்று சொல்ல இயலவில்லை. ஆக்கியோரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. கேட்போர்க்கு விளங்காமற் போய்விடுமோ என்னும் அச்சமே அவர்களை இவ்வாறு செய்யத் தூண்டியிருக்கும். ஆயின் விளங்காமையைப் பொறுத்துக்கொண்டு கேட்பதுதானே இப்பயிற்சியின் முதற்படி? பள்ளிக்கு வரும் முதல் நாளில் குயிக் குழந்தை செய்வது அதுவே. அதனை ஆசிரியரும் ஒருமுறை அறிந்திருத்தல் நன்று.

பண்பாடு என்னும் பெயரால் எதனைச் சொல்வது என்பதிலும் இத்தொடர்கள் தடுமாறுகின்றன. நூலகத்திற்குச் சென்று கோந்தர் பற்றித் தேடுவோர்க்கு முதலில் அகப்படுவது மெரியா என்னும் நரபலி பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளே. அப்பலியை ஒடுக்கவெனக் கும்பினி அரசு 1845-இல் தனி முகமை ஒன்றை அமைத்தது. அதில் பணியாற்றிய கேம்பெல் 1864-இல் தம் அனுபவ நூலை வெளியிட்டார். இவ்வெழுத்துகளைத் திருப்பிப் படித்து, அடக்கியோரின் நோக்கையும் ஆய்வுக்குட்படுத்திய பெலிக்சு பேடலின் நூல் 1995-இல்தான் வந்தது. மெரியாவை மறைத்துவிடவேண்டும் என்பது நம் கருத்தன்று, அது வரலாறு. ஆனால், இருபது வயதுப் பயிற்சி மாணவர் ஒருவர் தம் வகுப்புக் குழந்தைகளைப் பற்றி முதன்முதலாகக் கேட்கும் செய்தி அதுவாக இருக்குமாயின், அவர் கண்ணில் அக்குழந்தைகள் எவ்வாறு தோன்றுவர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்கு மாற்றாக விழா, நடனம், அணிகலன் என்று அடுக்குவதும் அவ்வளவு சிறந்ததன்று. ஆண்டில் சில நாட்களே ஆடும் மக்கள் மற்றை நாட்களில் என்ன செய்கின்றனர் என்பது அவ்வடுக்கில் வருவதில்லை.

கந்தமாலில் மற்றை நாட்களின் பெரும்பொருள்களுள் ஒன்று மஞ்சள். 'கந்தமால் மஞ்சள்' 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கிழங்கைத் தோண்டி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி விற்கும் வரை வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் அதில் வேலை உண்டு. இத்தொழிலை ஒரு பெண் தன் போக்கில் எட்டு நிமிடம் சொல்லக் கேட்டால் எத்தனை வினைச்சொற்கள், எத்தனை அளவைகள், விலை பேசுவதில் எத்தனை வருத்தங்கள் வந்துசேரும்! கணக்குப் பாடத்துக்கும் அறிவியல் பாடத்துக்கும் வேண்டிய சொற்கள் அங்கேயே கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பில் செயற்கையாக ஆக்கிக்கொள்ளப்படும் கலைச்சொற்களுள் ஒரு பகுதியேனும் இதனால் தேவையற்றுப் போகும்.

இங்கு ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்காது கூறவேண்டும். ஒலிவாங்கியைக் கண்டதும் பேசுவோரின் மொழி மாறிவிடுகிறது. கவனிக்கப்படாதபோது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் கவனித்தே அறியவேண்டியிருக்கிறது என்னும் முரணை லபோவ் 1970-களிலேயே எடுத்துக்காட்டினார். கந்தமாலில் அம்மாற்றம் பெரும்பாலும் ஒடியாவை நோக்கியதாகவே இருக்கும். படித்த விருந்தினர்க்கு எதிரே படித்தவர் மொழியில் பேசுவதே மரியாதை என்று கருதுவோர் பலர். தமிழகத்துச் சிற்றூரிலும் வானொலிக்காரர் வந்தால் 'வந்தாங்க' என்பது 'வந்தார்கள்' ஆவதை நாம் கண்டதில்லையா? இதனைத் தீர்க்கும் வழி ஒலிவாங்கியை மறைப்பதன்று, அது அறமாகாது. பதிவு செய்வோர் அவ்வூரில் சில நாளேனும் தங்குவதும், பேசுவோர் தமக்குள் உரையாடும்போது அவர்தம் இசைவோடு பதிவதுமே ஏற்ற வழிகள்.

நடு இந்தியாவில் 2010-இல் பத்திரிகையாளர் சுப்ரான்சு சவுத்ரி தொடங்கிய 'சிஜிநெட் சுவரா' இவ்வகையில் ஒரு படிப்பினை. எளிய கைப்பேசியிலிருந்து அழைத்துத் தம் செய்தியைத் தம் குரலில் பதியலாம். பிறர் பதிந்ததைக் கேட்கலாம். கோண்டி போன்ற மொழிகளில் மக்கள் அங்குப் பேசியது ஆய்வாளர்க்காகவன்று. கைப்பம்பு பழுது, கூலி வாராமை, பள்ளி திறவாமை முதலியவற்றைச் சொல்லவே அவர்கள் அழைத்தனர். சொல்ல வேண்டிய காரியம் இருந்தமையால் மொழி இயல்பாக வந்தது. மொழியைக் காட்டுவதற்காக ஒருவரைப் பேசச்சொல்வதற்கும் காரியத்திற்காக அவர் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பயிற்சி வலையொலி ஆக்குவோர் இதிலிருந்து கற்கலாம். ஆசிரியர் கேட்கவேண்டிய குரல்களுள், பள்ளியைப் பற்றிப் பெற்றோர் கூறும் குறைகளும் ஒன்றல்லவா?

வலையொலியை முழுதும் சார்ந்திருக்கும் திட்டங்களைப் பற்றியே என் அச்சம். ஒலிப்பதிவு மறுமொழி கேட்பதில்லை. கேட்பவர் தவறாக விளங்கிக்கொண்டால் அது நெற்றியைச் சுருக்குவதில்லை. கையசைவும் கண்ணசைவும் அதில் இல்லை. எனவே பதிவைக் கேட்டல் ஊரில் தங்கிப் பயில்வதற்கு முன்னும் பின்னும் இருக்கவேண்டியதே தவிர அதற்கு ஈடாகாது. நிருவாகத்தினர்க்கோ ஈடாகக் கொள்ளும் ஆசை இயல்பு: மாணவரை மலைக்கு அனுப்பச் செலவுண்டு, தங்குமிடம் தேடவேண்டும், பொறுப்பும் உண்டு, கோப்பை அனுப்பினால் இவை யாவும் மிச்சம். 'வட்டாரப் பண்பாட்டுப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுதவும் இயலும். செலவைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்படும் வலையொலி, தான் கற்பிக்க வந்த ஊரிலிருந்தே மாணவரை விலக்கிவைக்கும்.

மாறாக, பதிவைக் கேட்பவரே பதிவு செய்பவராகவும் ஆவாராயின் நிலைமை வேறாகும். முதற் கேட்பில் மொழிபெயர்ப்பு வேண்டா. கேட்டதைக் கேட்டவாறு எழுதட்டும், தவறாகவேனும். பின்னர்க் குயி அறிந்த தம் உடன்மாணவரோடு அமர்ந்து ஒப்பிடட்டும். ஊருக்குச் சென்று அதே பொருளைப் பற்றி வேறொருவரிடம் கேட்கும்போது சொல் வேறாக வரக்கூடும். கந்தமாலின் ஒரு பகுதிப் பேச்சு மற்றொரு பகுதியிலிருந்து வேறுபடும். அவ்வேறுபாட்டைப் பிழையெனத் திருத்தாது இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்தல் வேண்டும். எது செம்மையான குயி என்று தீர்ப்புக் கூறும் அதிகாரத்தைப் பயிற்சி நிறுவனம் எடுத்துக்கொள்ளுமாயின், ஒடியாவால் குயிக்கு நேர்ந்தது குயியின் ஒரு வழக்கால் பிற வழக்குகளுக்கு நேரும். தமிழில் வட்டார வழக்குகளை நாம் நடத்திய முறையை நினைவுகூர்ந்தால் இவ்வச்சம் மிகையெனத் தோன்றாது.

இறுதியாக, பதிந்த குரல் யாருடையது என்னும் வினா எஞ்சுகிறது. அச்சிட்ட நாட்டார் கதையில் சொன்னவர் பெயர் அடிக்குறிப்பில் சுருங்கிவிடும். வலையொலியிலோ அவர் குரலே இருக்கிறது. ஊரார் எவரும் அதனை அடையாளம் காண்பர். விலை பேசிய வணிகரைப் பற்றியும் வீட்டுச் சண்டையைப் பற்றியும் அவர் சொன்னதும் அதிலிருக்கும். ஆதலின் முடிந்த பதிவை முதலில் கேட்கவேண்டியவர் நிறுவனத்து முதல்வரல்லர்; பேசியவரே. அவர் ஓரிடத்தை நீக்குக என்றால் அதனை நீக்குதல் வேண்டும். 'நான் இப்படிச் சொல்லவில்லை' என்று பயிற்சி மாணவரின் குறிப்பேட்டிலுள்ள ஒரு சொல்லை அவர் மறுத்தால், மீண்டும் அதனைச் சொல்லச்சொல்லிக் கேட்டு, அவர்முன்னேயே அச்சொல்லைத் திருத்தி எழுதிக்கொள்ளவேண்டும்.